பிழையிலே பிறந்த பிரபுக்கள்

இங்கிலீஷ் அகராதியைக் கையில் எடுக்கும்போதே நம்மவர்களில் பலருக்கு ஒருவித பயபக்தி உண்டாகிவிடுகிறது. தலையணை பருமனில், பொன்னெழுத்துப் பொறித்த முதுகுடன் அலமாரியிலே அது வீற்றிருக்கும் தோரணை அப்படி. அதற்குள் குடியிருக்கும் லக்ஷக்கணக்கான வார்த்தைகளும் லத்தீன் தாய்க்கும் கிரேக்கத் தந்தைக்கும் முறைப்படி பிறந்து, குலம் கோத்திரம் தவறாமல், ஜாதகமும் கையுமாக வந்து உட்கார்ந்திருப்பதாகவே படித்தவர்கள் எண்ணுவது வழக்கம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் மனத்திலும் இந்த எண்ணமே ஊட்டப்பட்டு வந்திருக்கிறது.

உள்ளே புகுந்து விசாரித்தால் சங்கதி வேறு. அச்சுக்கோப்பவரின் கைத்தவறால் பிறந்த வார்த்தைகள் உண்டு. கோர்ட்டுக் குமாஸ்தாவின் சோம்பலால் பிறந்தவை உண்டு. காதில் சரியாக விழாததால் தலை இழந்தவை உண்டு. பண்டிதர்களின் அதிமேதாவித்தனத்தால் இல்லாத அங்கம் ஒன்று ஒட்ட வைக்கப்பட்டு, இன்றுவரை அதைச் சுமந்துகொண்டு திரிபவையும் உண்டு. இப்படிப்பட்ட சில கனவான்களை நேயர்களுக்கு அறிமுகம் செய்து வைப்பதே நமது நோக்கம்.

உபாத்தியாயர் என்ற முறையில், நம்மை அன்றாடம் ஆட்டி வைக்கும் ஒரு வார்த்தையிலிருந்தே தொடங்குகிறோம். அதுதான் ‘சிலபஸ்.’ பாடத்திட்டம் என்று நாம் தமிழில் சொல்வது. ஜூன் மாதத்தில் அது வருகிறது. மார்ச்சு மாதத்தில் அது முடிவதில்லை. பெற்றோர்களும் ஆசிரியர்களும் மாணாக்கர்களும் ஒருங்கே கும்பிடும் இந்தத் தெய்வம் பிறந்த கதையைக் கேளுங்கள்.

கிறிஸ்து பிறப்பதற்கு ஐம்பது வருஷங்களுக்குச் சற்று அதிகமான காலத்துக்கு முன்னால், ரோமாபுரியின் பெரும் பேச்சாளரான சிசரோ தம் நண்பர் அட்டிக்கஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். நாடு கடத்தப்பட்டிருந்த சிசரோ அப்பொழுதுதான் திரும்பி வந்திருந்தார். சிதறிக் கிடந்த அவருடைய புஸ்தகங்களை டிரானியோ என்ற அறிஞர் ஒழுங்குபடுத்திக் கொண்டிருந்தார். அக்காலத்துப் புஸ்தகம் என்பது பாய் மாதிரி சுருட்டி வைக்கும் சுருள். சுருளின் நுனியில் பெயர் எழுதிய தோல் துண்டு ஒன்று தொங்கினால்தான் எது எந்த நூல் என்று தெரியும். “ஒட்டுகிற வேலைக்கு இரண்டு ஆட்களை அனுப்பி வையுங்கள், பெயர்ச் சீட்டுகளுக்கு வேண்டிய தோலையும் அவர்கள் கொண்டு வரட்டும்” என்பது கடிதத்தின் சாரம். அந்தப் பெயர்ச் சீட்டுக்குக் கிரேக்க மொழியில் ‘சிட்டிபா’ என்று பெயர். சிசரோ அந்த வார்த்தையையே போட்டு எழுதியிருந்தார்.

நூற்றாண்டுகள் ஓடின. கடிதத்தைப் பிரதி செய்தவர்களுக்கு இந்தக் கிரேக்கச் சொல் பழக்கமில்லை. 1470-களில் கடிதங்கள் அச்சேறியபோது, சில பதிப்புகளில் ‘சிட்டிபாஸ்’ என்று இருக்கவேண்டிய இடத்தில் ‘சில்லபோஸ்’ என்று விழுந்துவிட்டது. பின்னால் வந்த பண்டிதர்கள், “சிசரோ எழுதினால் அது தப்பாகுமா?” என்று, இந்தச் சில்லபோஸுக்கு ஒரு கிரேக்க வம்சத்தையும் கற்பித்தார்கள். ‘சேர்த்துப் பிடித்தல்’ என்ற பொருளுள்ள கிரேக்க வினைச்சொல் ஒன்றின் வயிற்றில் பிறந்த பிள்ளை என்று பிரகடனம் செய்தார்கள். பதினேழாம் நூற்றாண்டின் நடுவிலே அது இங்கிலீஷில் குடியேறியது. புஸ்தகத்தில் தொங்கிய சீட்டு, புஸ்தகத்தின் உள்ளடக்கமாக மாறி, கடைசியில் பிள்ளைகளின் தலைமேல் ஏறும் மூட்டையாகவும் ஆகிவிட்டது.

இன்னும் ஒரு வேடிக்கை. இதற்குப் பன்மை ‘சிலபஸஸ்’ என்பதா, ‘சிலபை’ என்பதா என்று ஆசிரியர்கள் வாதம் செய்வது உண்டு. லத்தீன் இலக்கணப்படி சிலபைதான் சரி என்று ஒரு கட்சி வெகு கண்டிப்பாகச் சொல்லும். அச்சுப் பிழைக்குப் பன்மை என்ன என்று எந்த லத்தீன் இலக்கணத்தில் எழுதியிருக்கிறதோ, அவர்களைத்தான் கேட்கவேண்டும்!

சிலபஸாவது அறியாமையால் நேர்ந்தது. அறிவு மிகுதியால் நேர்ந்த அனர்த்தங்களைப் பார்த்தால் அறியாமையே மேல் என்று தோன்றும்.

கடனுக்கு இங்கிலீஷில் ‘டெட்’ என்று பெயர். எழுதும்போது டி, ஈ, பி, டி. நடுவில் நிற்கும் ‘பி’ வாய் திறந்து பேசியதே இல்லை. பேசாத எழுத்தை எதற்காக எழுதவேண்டும்? பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து இங்கிலாந்துக்கு இச்சொல் வந்தபோது அதில் ‘பி’ கிடையாது. இங்கிலீஷ்காரர்களும் நெடுங்காலம் ‘பி’ இல்லாமலேதான் எழுதி வந்தார்கள். கடன் வாங்குவதற்கும் கொடுப்பதற்கும் அதனால் எந்த இடைஞ்சலும் ஏற்படவில்லை. பிறகு லத்தீன் மோகம் தலைக்கேறிய ஒரு காலம் வந்தது. “இச்சொல்லின் பாட்டனார் லத்தீனிலே ‘டெபிட்டும்’ அல்லவா? பாட்டனாரிடம் ‘பி’ இருந்ததே, பேரனிடம் காணோமே!” என்று பண்டிதர்கள் கவலைப்பட்டார்கள். கவலைப்பட்டதோடு நில்லாமல், ‘பி’யைக் கொண்டுவந்து நடுவில் செருகியும் விட்டார்கள். சந்தேகம் என்று பொருள்படும் ‘டவுட்’டுக்கும் இதே கதி.

இந்த அக்கிரமத்தை அப்பொழுதே ஒருவர் பார்த்துச் சிரித்தார். அவர் சாமானியர் அல்லர், ஷேக்ஸ்பியரேதான். ‘லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்’ என்ற நாடகத்தில் ஹாலோபெர்னஸ் என்றொரு பள்ளிக்கூட வாத்தியாரைப் படைத்திருக்கிறார். ஊரார் ‘டெட்’ என்பதைப் ‘பி’ ஒலிக்காமல் உச்சரிக்கிறார்களே, ‘டவுட்’டையும் அப்படியே கெடுக்கிறார்களே என்று இந்த மகானுபாவர் மனம் பொறாமல் புலம்புகிறார். நாடகம் பார்த்த ஜனங்கள் வயிறு குலுங்கச் சிரித்திருப்பார்கள். நம் குலத்தவர் ஒருவர் இவ்விதம் மேடையேற்றப்பட்டதைப் பற்றி நமக்கு வருத்தம் இல்லை. ஆனால் அந்த வாத்தியாரின் வாரிசுகள் அந்தச் சிரிப்பைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லையே என்பதுதான் வருத்தம். சென்னை சர்வகலாசாலை 1857-ஆம் வருஷத்தில் ஏற்பட்டு, மெட்ரிகுலேஷன் பரீட்சை என்ற வாயிற்படியும் வைக்கப்பட்டபிறகு, இந்த ஒரு ‘பி’க்காக நம் தேசத்துப் பிள்ளைகள் இழந்த மார்க்குகள் எத்தனை! வாங்கிய பிரம்படிகள் எத்தனை! காதில் விழுந்தபடி உண்மையாக எழுதிய பையனுக்குச் சுழி. எவனோ செருகியதை நெட்டுருப் போட்டவனுக்குப் பரிசு.

‘டெட்’டுக்காவது லத்தீன் பாட்டன் உண்மையான பாட்டன். தீவு என்று பொருள்படும் ‘ஐலண்டு’க்கு அதுவும் இல்லை. ‘இக்லண்ட்’ என்றாற்போன்ற ஓர் உருவத்தில் வழங்கிய சுத்தமான பழைய இங்கிலீஷ் வார்த்தை அது. லத்தீனுக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. ஆனால், பிரெஞ்சு வழியாக வந்த ‘ஐல்’ என்ற வேறொரு சொல் லத்தீன் ‘இன்சுலா’விலிருந்து பிறந்தது. பதினாறாம் நூற்றாண்டில் இரண்டையும் ஒரே குடும்பம் என்று தவறாக நினைத்து, முன்னதன் நடுவிலும் ஓர் ‘எஸ்’ஸைப் போட்டுவிட்டார்கள். பிறர் வீட்டு மூதாதைக்குத் திவசம் செய்வது போன்ற காரியம்.

‘குட்’ என்ற துணைவினையில் நிற்கும் ‘எல்’ இன்னும் மோசம். ‘வுட்’டிலும் ‘ஷுட்’டிலும் ‘எல்’ நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. அவை ‘வில்’லிலிருந்தும் ‘ஷல்’லிலிருந்தும் வந்தவை. ‘குட்’டோ ‘கேன்’ என்பதிலிருந்து வந்தது. அதற்கு ‘எல்’ எங்கிருந்து வரும்? அடுத்த வீட்டுக்காரர்கள் இருவரும் அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்துத் தானும் ஒன்று போட்டுக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான்.

ஹாலோபெர்னஸ் வாத்தியார் வரும் அதே காட்சியில் வேறொரு விசித்திரமும் இருக்கிறது. கோஸ்டர்டு என்ற பட்டிக்காட்டான் ஒரு வார்த்தை சொல்கிறான்: ‘ஹானரிபிகாபிலிடியூடினிடாடிபஸ்.’ மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள். கௌரவத்துக்குரிய தன்மை என்பது போன்ற பொருள். இங்கிலீஷில் இதற்கு இருபத்தேழு எழுத்து. பக்கத்தில் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு இங்கிலீஷில் எழுதிப் பாருங்கள். ஒரு மெய், ஓர் உயிர், ஒரு மெய், ஓர் உயிர் என்று தொடக்கம் முதல் முடிவு வரையில் தப்பாமல் மாறி மாறி வரும். மணி கோத்தது போல் இருக்கும். 1910-இல் டர்னிங்-லாரன்ஸ் என்ற கனவான், ஷேக்ஸ்பியரின் நாடகங்களை எழுதியவர் பேகன் பிரபுவே என்று நிரூபிக்கப் புறப்பட்டார். இந்த இருபத்தேழு எழுத்தையும் கலைத்து அடுக்கி, “இந்த நாடகங்கள் பேகனின் குழந்தைகள், உலகத்துக்காகக் காக்கப்பட்டவை” என்று பொருள் தரும் லத்தீன் வாக்கியம் ஒன்றை எடுத்துக் காட்டினார். கெட்டிக்காரர்தான், சந்தேகமில்லை. ஆனால் இவ்வார்த்தையை ஷேக்ஸ்பியரோ பேகனோ உண்டாக்கவில்லை. அவர்களுக்கு ஏறக்குறைய முந்நூறு வருஷம் முன்னதாகவே இத்தாலியக் கவி தாந்தே, பாஷையைப் பற்றி எழுதிய நூலில், மிக நீண்ட சொல்லுக்கு உதாரணமாக இதைக் காட்டியிருக்கிறார். பேகன் பிறப்பதற்கு இரண்டரை நூற்றாண்டுக்கு முன்பே அவருடைய கையெழுத்தைப் போட்டு வைத்தவர் யாரோ!

இனி, தலையிழந்த வார்த்தைகள்.

இங்கிலீஷில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ‘எ’ அல்லது ‘ஆன்’ என்று ஓர் ஒட்டு வருமல்லவா? மெய்யெழுத்துக்கு முன் ‘எ’. உயிரெழுத்துக்கு முன் ‘ஆன்.’ இந்த ‘ன்’ யாருக்குச் சொந்தம் என்பதில் பல தாவாக்கள் நடந்திருக்கின்றன. விரியன் பாம்புக்குப் பழைய பெயர் ‘நேடர்.’ ‘எ நேடர்’ என்று வேகமாகச் சொல்லிச் சொல்லி, ‘ஆன் ஏடர்’ என்று பிரித்துவிட்டார்கள். பாம்பு தன் ‘ந’வை இழந்து இன்று ‘ஆடர்’ ஆகிவிட்டது. சமையலறையில் கட்டிக்கொள்ளும் முன்துணி முதலில் ‘நேப்பரன்.’ அதுவும் இவ்வாறே தலைபோய் ‘ஏப்ரன்’ ஆயிற்று. கிரிக்கெட் மைதானத்தில் வெள்ளைச் சட்டையுடன் நின்று விரலை உயர்த்தும் ‘அம்பயர்’ உண்மையில் ‘நவும்பெர்.’ பழைய பிரெஞ்சில் ‘சமானம் அல்லாதவர்,’ அதாவது இரு கட்சிக்கும் சேராத மூன்றாம் மனிதர் என்று பொருள். அவரும் ‘ந’வை இழந்தார். தலையை இழந்தவருடைய தீர்ப்பு சில சமயங்களில் அப்படி இப்படி இருப்பதில் ஆச்சரியம் என்ன?

வேறு சில சொற்கள் பிறர் சொத்தை அபகரித்துக்கொண்டன. பட்டப்பெயருக்கு ‘ஈக் நேம்’ என்று பெயர். உபரிப் பெயர் என்று அர்த்தம். ‘ஆன் ஈக் நேம்’ என்பதிலிருந்து ‘ன்’னைத் திருடிக்கொண்டு அது ‘நிக்நேம்’ ஆகிவிட்டது. ‘ஈவ்ட்’ என்ற நீர்வாழ் பிராணி ‘நியூட்’ ஆனதும் இப்படியே.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. தொடர்மொழியாகவும் தனிமொழியாகவும் நிற்கக்கூடியவற்றுக்கு நம் இலக்கணக்காரர்கள் ‘பொதுமொழி’ என்று பெயர் வைத்து, எட்டு, வேங்கை, தாமரை என்று உதாரணமும் காட்டியிருக்கிறார்கள். ‘வேங்கை’ என்றால் மரம்; ‘வேம் கை’ என்று பிரித்தால் வேகின்ற கை. ‘எட்டு’ ஓர் எண். ‘எள் து’ என்று பிரித்தால் எள்ளைத் தின்பாயாக! நம்மவர்கள் இந்த மயக்கத்தைக் கண்டு இலக்கணம் வகுத்தார்கள். சிலேடை பாடிப் பரிசும் வாங்கினார்கள். அவர்கள் பாம்பின் தலையை வெட்டிவிட்டார்கள்.

ஆரஞ்சுப் பழத்தின் கதையும் இதைச் சேர்ந்ததுதான். ஆனால் அங்கே வெட்டு விழுந்தது இங்கிலாந்தில் அல்ல, வழியிலேயே. வடமொழியில் நாரங்கம், பாரசீகத்தில் நாரங், அரபியில் நாரஞ்ச், ஸ்பெயினில் நரஞ்சா என்று முழுத் தலையோடு பிரயாணம் செய்த பழம், இத்தாலியையும் பிரான்ஸையும் கடக்கும்போது முன்னெழுத்தைப் பறிகொடுத்தது. வடமொழிச் சொல்லுக்கே மூலம் திராவிட பாஷைகளில் இருக்கவேண்டும் என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். நம் வீட்டு நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடியில் அந்த ‘நா’ பத்திரமாக இருக்கிறது.

கலியாண மாப்பிள்ளையை இங்கிலீஷில் ‘பிரைட்குரூம்’ என்கிறார்கள். ‘பிரைட்’ மணப்பெண், சரி. ‘குரூம்’ என்றால் குதிரை லாயத்தில் வேலை செய்பவன் அல்லவா? மாப்பிள்ளைக்கும் கொள்ளுக்கும் என்ன சம்பந்தம்? பழைய இங்கிலீஷில் ‘குமா’ என்று மனிதனைக் குறிக்கும் சொல் ஒன்று இருந்தது. ‘பிரீட்குமா,’ மணப்பெண்ணுக்கு உரிய மனிதன். நாளடைவில் ‘குமா’ வழக்கொழிந்தது. அர்த்தம் புரியாத ஜனங்கள் தங்களுக்குத் தெரிந்த ‘குரூம்’ என்ற ஏவலாளைக் கொண்டுவந்து அந்த இடத்தில் நிறுத்தினார்கள். கலியாணமான சில வருஷங்களுக்குள் மாப்பிள்ளைகளில் அநேகர் இந்த மாறுதல் நியாயமானதுதான் என்று ஒப்புக்கொள்வார்கள்.

நகைப்பை விட்டுக் கொஞ்சம் கனமான ஒரு சொல்லுக்கு வருவோம். குற்றவாளியை ‘கல்ப்ரிட்’ என்கிறார்கள். இங்கிலாந்தின் நீதிமன்றங்களில் வெகுகாலம் ஒருவகைப் பிரெஞ்சு பாஷையே வழங்கி வந்தது. கூண்டில் நின்றவன், “நான் குற்றவாளி அல்ல” என்று சொன்னதும், அரசாங்கத்தின் சார்பில் கோர்ட்டுக் குமாஸ்தா, “குற்றவாளியே, நிரூபிக்கச் சித்தமாயிருக்கிறோம்” என்று பிரெஞ்சில் பதில் சொல்லவேண்டியது சம்பிரதாயம். ஒவ்வொரு வழக்கிலும் அவ்வளவையும் எழுதக் கை வலிக்காதா? ‘குற்றவாளி’ என்பதில் முதல் மூன்று எழுத்து, ‘சித்தம்’ என்பதற்கு ஒரு குறுக்கம்: ‘கல். ப்ரிட்.’ பிரெஞ்சு மறந்துபோன காலத்தில், பின்வந்த குமாஸ்தாக்கள் இதை ஒரே வார்த்தையாகச் சேர்த்து, எதிரில் நிற்பவனைக் கூப்பிடும் விளி என்று எண்ணி உரக்க வாசித்தார்கள். 1678-இல் பெம்ப்ரோக் பிரபுவின் விசாரணையிலேயே இவ்வழக்கம் காணப்படுகிறது. சாட்சி விசாரிக்கும் முன்பு, தீர்ப்புச் சொல்லும் முன்பு, “நான் குற்றம் செய்யவில்லை” என்று அப்பொழுதுதான் சொல்லி வாய் மூடிய மனிதனைப் பார்த்து, “கல்ப்ரிட்! உன்னை எவ்விதம் விசாரிக்கவேண்டும்?” என்று கேட்பது எப்படி இருக்கிறது? இன்று இச்சொல்லுக்குக் குற்றவாளி என்பதே பொருள். ‘நிரூபிக்கச் சித்தம்’ என்ற பாதி மறைந்துவிட்டது. நிரூபிக்காமலேயே மனிதர்களுக்குப் பெயர் சூட்டும் வேலையை நாட்டில் நடத்தி வருகிறவர்களுக்கு இது மிக உகந்த சொல்.

பிறந்தும் பிறவாத சொற்கள் சில உண்டு. கேம்பிரிட்ஜ் பேராசிரியர் வால்டர் ஸ்கீட் 1886-இல் இவற்றுக்கு ‘பேய்ச் சொற்கள்’ என்று நாமகரணம் செய்தார். அவர் எடுத்துக்காட்டிய பேய்களில் ஒன்றுக்கு நம் தேசத்தோடு சம்பந்தம் இருக்கிறது. 1808-இல் ‘எடின்பரோ ரிவ்யூ’ என்ற சஞ்சிகையில் இந்தியாவில் பாதிரிமார் செய்யும் வேலையைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. ஹிந்துக்களின் கொடிய வழக்கங்களை வர்ணிக்கும்போது, சிலர் கொக்கிகளில் தொங்குகிறார்கள் என்றும், சிலர் கைகளில் ‘கைம்’களைக் குத்திக்கொள்கிறார்கள் என்றும் அதில் கண்டிருந்தது. ‘கைம்’ என்றால் என்ன? ஏதோ கீழ்நாட்டுப் பயங்கர ஆயுதம் என்று வெள்ளைக்காரர்கள் நடுங்கியிருப்பார்கள். அது ஒன்றுமில்லை. ‘நைவ்ஸ்,’ அதாவது கத்திகள் என்பதன் அச்சுப் பிழை! அந்த வார்த்தை சில காலம் உலாவவும் செய்ததாம். தெரியாத தேசத்தைப் பற்றி எழுதும்போது எந்தப் பிழையும் உண்மை போலவே தோன்றிவிடுகிறது.

அமெரிக்காவில் பிறந்த ‘டோர்டு’ என்ற பேய் இன்னும் பிரசித்தமானது. 1931-இல் வெப்ஸ்டர் அகராதிக் காரியாலயத்தில் ரசாயன சாஸ்திரப் பகுதியைக் கவனித்தவர் ஒரு சீட்டு எழுதினார். ‘டென்சிடி’ என்ற அடர்த்திக்கு, பெரிய ‘டி’ அல்லது சிறிய ‘டி’ குறியாக வழங்கும் என்பது குறிப்பு. ‘அல்லது’ என்பதற்கு இங்கிலீஷில் ‘ஆர்’. ஆகவே ‘டி ஆர் டி.’ சீட்டு எப்படியோ குறியீட்டுக் கட்டிலிருந்து வார்த்தைக் கட்டுக்குள் போய்விட்டது. பார்த்தவர் நான்கு எழுத்தையும் சேர்த்து ‘டோர்டு’ என்று படித்தார். 1934-இல் வெளிவந்த பதிப்பில் ‘டோர்டு: அடர்த்தி’ என்று உச்சரிப்புக் குறிப்போடு அது ஜம்மென்று ஏறி உட்கார்ந்தது. ஐந்து வருஷம் யாரும் கேட்கவில்லை. 1939-இல்தான், இதற்கு மட்டும் தாய் தகப்பன் பெயர் காணோமே என்று பத்திராசிரியர் ஒருவர் விழித்துக்கொண்டார்.

அதற்குப் பிந்திய காலத்தில் வேண்டுமென்றே பேய்களை ஏவி விடுவதும் உண்டாயிற்று. 2001-இல் வெளியான நியூ ஆக்ஸ்போர்டு அமெரிக்கன் அகராதியில் ‘எஸ்குவிவேலியன்ஸ்’ என்று ஒரு வார்த்தை. உத்தியோகக் கடமையை வேண்டுமென்றே தட்டிக் கழித்தல் என்று பொருள். அப்படி ஒரு வார்த்தை உலகில் கிடையாது. மற்றவர்கள் தங்கள் அகராதியைத் திருடிப் பதிப்பித்தால் பிடிப்பதற்காக வைத்த பொறி அது. 2005-இல் குட்டு வெளிப்பட்டது. காரியம் எல்லா ஆபீஸ்களிலும் நெடுங்காலமாக நடந்து வருவதால், வார்த்தையை நிரந்தரமாக வைத்துக்கொண்டாலும் தகும் என்பது நம் அபிப்பிராயம்.

தமிழிலிருந்து இங்கிலீஷுக்குப் போன வார்த்தைகளைப் பற்றிச் சொல்லாவிட்டால் நேயர்கள் நம்மை மன்னிக்கமாட்டார்கள். கறி ‘கரி’ ஆனது. சுருட்டு ‘ஷெரூட்’ ஆனது. மாங்காய், மலாய்க்காரர் வாயிலும் போர்த்துகீசியர் வாயிலும் புகுந்து ‘மேங்கோ’வாக வெளிவந்தது. கட்டுமரம் ‘கேடமரான்’ ஆன கதை விசேஷமானது. நம் செம்படவர் மரங்களைக் கயிற்றால் கட்டி மிதக்கவிட்டார்கள். பெயரே அதைச் சொல்கிறது. வெள்ளைக்காரர்களோ, பசிபிக் தீவுகளில் கண்ட இரட்டைத் தோணி மாதிரியில் செய்த படகுக்கு இந்தப் பெயரை மாட்டிவிட்டார்கள். அதில் கட்டும் இல்லை, மரமும் பெரும்பாலும் இல்லை. போதாக்குறைக்கு, பந்தயப் படகுக்காரர்கள் அதைச் சுருக்கி ‘கேட்’ என்கிறார்கள். கட்டுமரம் பூனையாகிவிட்டது!

மிளகுத்தண்ணீர் ‘மல்லிகடானி’ ஆயிற்று. ஜலதோஷத்துக்கு நம் பாட்டிமார் வைத்துக் கொடுத்த மிளகு ரஸத்தில், அவர்கள் இறைச்சியைப் போட்டுக் கொழுக்க வைத்து, விருந்தின் முதல் பதார்த்தமாக்கினார்கள். சென்னை ராஜதானியில் உத்தியோகம் பார்த்த துரைமார்களுக்கு இது ரொம்பவும் பிடித்துப்போகவே, மற்ற ராஜதானித் துரைமார்கள் அவர்களுக்கு ‘மல்’ என்றே பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். தமிழின்மேல் உள்ள அபிமானத்தால் சிலர், ‘கேஷ்’ என்பது நம் காசுதான் என்றும், ‘ஒன்’ என்பது ஒன்றுதான் என்றும், ‘எய்ட்’ எட்டுதான் என்றும் அடுக்கிக்கொண்டே போகிறார்கள். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் ரொக்கப் பணத்தைக் குறிக்கும் ‘கேஷ்,’ லத்தீனில் பெட்டி என்று பொருள்படும் ‘கப்சா’விலிருந்து வந்தது, பணப்பெட்டி பணமாயிற்று. நம் காசு போர்த்துகீசியர் வழியாகச் சென்று, கீழ்நாட்டுச் சில்லறை நாணயத்தைக் குறிக்கும் வேறொரு ‘கேஷ்’ ஆயிற்று. நல்ல அகராதிகளில் இரண்டும் தனித்தனியாகவே இருக்கின்றன. இரண்டாவது நமக்குச் சொந்தம். முதலாவதன்மேல் நமக்குப் பாத்தியதை இல்லை.

‘ஒன்’ என்பதைப் பாருங்கள். அதன் தொடக்கத்தில் இன்று கேட்கும் ‘வ’கர ஒலி பிற்காலத்தில் பேச்சு வழக்கிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. பழைய உச்சரிப்பு என்ன என்பதை, அதே சொல்லிலிருந்து பிறந்த ‘அலோன்,’ ‘ஓன்லி’ என்ற குழந்தைகளிடம் கேட்கலாம். ‘அலோன்’ என்பது ‘ஆல் ஒன்’, முற்றும் ஒருவன். இன்னும் பின்னே போனால் பழைய இங்கிலீஷில் ‘ஆன்,’ லத்தீனில் ‘ஊனுஸ்.’ பின்னே போகப் போக நம் ஒன்றைவிட்டு விலகிக்கொண்டே போகிறது. எட்டும் அப்படியே. ‘எய்ட்’டின் உறவினர்கள் லத்தீன் ‘ஆக்டோ’வும் வடமொழி ‘அஷ்ட’வும். நம் எட்டின் வேர் ‘எண்’. எண்பது, எண்ணூறு, எண்திசை என்னும் சொற்களில் அது வெளிப்படையாக நிற்கிறது. இன்றைய முகங்கள் ஒத்திருக்கின்றன. பாட்டனார் முகங்கள் ஒத்திருக்கவில்லை. ‘ஐலண்டு’க்குள் ‘எஸ்’ஸைச் செருகிய பண்டிதருக்கும் நமக்கும் வித்தியாசம் இருக்கவேண்டாமா? நியாயமாக நமக்கு வரவேண்டியதே ஏராளமாக இருக்கும்போது, பிறர் வீட்டுப் பிள்ளைக்குப் பூணூல் மாட்டுவானேன்?

இந்தியச் சொற்கள் இங்கிலீஷில் படும் பாட்டையெல்லாம் திரட்டி, யூல், பர்னெல் என்ற இருவர் ஒரு பெரிய அகராதி செய்தார்கள். பர்னெல் தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்தவர். அரண்மனைப் புஸ்தகசாலையில் உள்ள வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்தவர். 1882-இலேயே அவர் காலமாகிவிட, யூல் வேலையை முடித்து 1886-இல் வெளியிட்டார். நூலுக்கு அவர்கள் இட்ட பெயர் ‘ஹாப்ஸன்-ஜாப்ஸன்.’ யார் இந்த இருவர் என்று தேடவேண்டாம். மொஹரம் ஊர்வலத்தில் முஸ்லிம் அன்பர்கள் மார்பில் அடித்துக்கொண்டு, “யா ஹஸன்! யா ஹுஸைன்!” என்று கதறுவது வெள்ளைச் சிப்பாய்களின் காதில் விழுந்த விதம் அது!

நம்மவர் காதும் இளைத்ததல்ல. சென்னையில் ஹாமில்டன் என்ற துரையின் பெயரால் ஒரு பாலம் இருந்தது. ‘ஹாமில்டன்’ ஜனங்களின் வாயில் ‘அம்பட்டன்’ ஆகி, ‘அம்பட்டன் வாராவதி’ என்றே ஊரில் வழங்கத் தொடங்கியதாம். பிற்பாடு அதை இங்கிலீஷில் எழுதவேண்டிவந்தபோது, மொழிபெயர்ப்பில் சமர்த்தரான யாரோ ஒருவர் ‘பார்பர்ஸ் பிரிட்ஜ்’ என்று எழுதிவிட்டார். க்ஷவரக் கத்தியைக் கையால் தொட்டிராத துரை இப்படியாகத் தமக்கே தெரியாமல் தொழில் மாறி, தம் சொந்த பாஷைக்கே திரும்பிப் போய்ச் சேர்ந்தார்.